ரீச்சரைக் கேளுங்கோ: பூச்சி பொட்டுக் கதை

போன இதழில் தேன் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "சீன எழுத்தில் தேனுக்கும் பாம்புக்கும் வானவில்லுக்கும் பூச்சிக் குறி போட்டுத்தான் எழுதுவார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டேன். உரமானியத்தைப் பற்றி எழுதினால் வராத கடிதம் அந்த ஒரு வரிக்கு வந்திருக்கிறது. ஆகவே இந்த முறை முழுக்கப் பூச்சிதான். வெட்டுப்புள்ளி, காணி அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுங்கோ.

ஒட்டுசுட்டானில் இருக்கும் ரீச்சருக்குச் சீனமும் ஜப்பானும் எங்காலை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சமாதான காலத்தில் ஜப்பான் அரசின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசிலில் புக்குவோக்காவுக்குப் போனேன். விடுதியில் பக்கத்து அறையில் ஒரு சீனப் பிள்ளை. எழுத்தைப் பார்த்து அவள் பொருள் சொல்லுவாள், நான் ஜப்பான்காரர் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்று சொல்லுவேன். முழுப் படிப்பும் சோறு அவியும் நேரத்தில் நடந்ததுதான்.

ரீச்சர், எங்களுக்கு விலங்கியல் படிப்பித்தபோது ஆறு கால் இல்லாததைப் பூச்சி என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவீர்கள். இப்போது பாம்பும் பூச்சி என்கிறீர்கள். எதை நம்புவது?
— முன்னாள் மாணவி, முள்ளியவளை

சோதனைத் தாளில் ஆறு கால்தான், பிள்ளை. மூன்று உடற்பகுதி, ஒரு சோடி உணர்கொம்பு. அதில் ஒன்று குறைந்தாலும் இப்பவும் வெட்டுவேன்.

ஆனால் பாடப்புத்தகம் வருவதற்கு முன்னமே சனம் பூச்சி என்ற சொல்லை வைத்திருந்தது. இரவில் பாம்பு என்று வாயால் சொல்லாத வீட்டில்தானே நீரும் வளர்ந்தீர்? "வரம்பாலை போகேக்கை பூச்சி பொட்டு கிடக்கும், ரோச்சை அடிச்சுப் பார்த்துப் போ" என்பா என் அம்மம்மா. அந்தப் பூச்சிக்கு ஆறு கால் இல்லை, ஒரு காலும் இல்லை. பிள்ளையின் வயிற்றில் இருப்பதும் பூச்சி, அரிசியில் நெளிவதும் பூச்சி, நெல்லில் சாறு குடிப்பதும் பூச்சி. சீன எழுத்தும் அம்மம்மாவின் கட்சிதான்.

அந்த எழுத்தைச் சீனர் 'சோங்' என்று வாசிப்பார்கள், ஜப்பான்காரர் 'முஷி' என்பார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தி எலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய வடிவத்தைப் பார்த்தால் அது தலை பெருத்து வால் வளைந்த ஒரு பாம்பு. விரியன் இனம் என்கிறார்கள். அந்தப் பாம்பை மூன்று தரம் அடுக்கி எழுதினால்தான் முன்பு 'சிறு பிராணிகள்' என்று பொருள். இருபதாம் நூற்றாண்டில் இரண்டு நாடுகளும் எழுத்தை எளிதாக்கியபோது மூன்று ஒன்றாகி, பாம்பு பூச்சியின் இடத்துக்கு வந்துவிட்டது.

அதை ஓர் எழுத்தின் இடப்பக்கத்தில் ஒட்டினால் 'இது இந்தக் குடும்பம்' என்று அர்த்தம். வலப்பக்கத்தில் பெரும்பாலும் ஒலி. நுளம்புக்கு இடப்பக்கம் பூச்சி, வலப்பக்கம் 'வென்' என்று ஒலிக்கும் எழுத்து. காதடியில் அது பாடுவதும் 'வென்' என்றுதான் என்று சீனப் பிள்ளைகள் பகிடி விடுவார்கள். இந்தக் குடும்பத்தில் எறும்பு, தேனீ, வண்ணாத்திப்பூச்சி எல்லாம் இருப்பதில் அதிசயம் இல்லை. தவளை, அட்டை, மண்புழு, இறால், நண்டு, மட்டி, வௌவால், பல்லியும் இதற்குள்தான். வானவில்லை அந்தக் காலத்தவர் இரண்டு தலையோடு வானத்தில் வளைந்து தண்ணீர் குடிக்கும் ஒரு பிராணி என்று நினைத்தார்கள். ஆகவே அதற்கும் பூச்சிக் குறி.

பேச்சு வழக்கில் சீனத்தில் பாம்புக்கு 'நீளப் பூச்சி' என்று ஒரு பெயர். பழைய கதைகளில் புலிக்குப் பெயர் 'பெரிய பூச்சி'. (காட்டுப் புலியைத்தான் சொல்கிறேன், இதை வைத்து ஒருவரும் கடிதம் எழுத வேண்டாம்.) இன்னும் பழைய நூல்களில் உயிர்கள் அனைத்தையுமே ஐந்து வகைச் சோங் என்று பிரித்திருக்கிறார்கள்: இறகு உள்ளவை, மயிர் உள்ளவை, ஓடு உள்ளவை, செதில் உள்ளவை, ஒன்றும் இல்லாமல் வெறும் உடம்போடு திரிபவை. அந்தக் கடைசி வகைக்குத் தலைவன் மனிதன். நீரும் நானும் அம்மணப் பூச்சி.

என் கடைக்கு வந்த ஒரு சீனத் தட்டில் ஐந்து சிவப்பு வௌவால் கீறியிருக்கிறது. வீட்டுக்குள் வௌவால் வந்தால் தரித்திரம் என்று மனிசி அதை வைக்க விடுகிறா இல்லை. என்ன செய்ய?
— கடைக்காரர், புதுக்குடியிருப்பு

சீன வீடு என்றால் வாசலிலேயே வைப்பார்கள். வௌவாலின் பெயர் 'ஃபூ', நல்வாழ்வுக்கும் 'ஃபூ'. ஒலி ஒன்று என்ற ஒரே காரணத்துக்காக வௌவால் நல்ல சகுனமாகிவிட்டது. ஐந்து என்றால் ஐந்து பேறு: நீண்ட ஆயுள், செல்வம், சுகம், நல்லொழுக்கத்தில் விருப்பம், வயது முதிர்ந்து நல்ல சாவு. 'சிவப்பு' என்ற சொல் 'பெருவாரியான' என்ற சொல்லோடு ஒலியில் சேர்வதால் சிவப்பு வௌவாலுக்கு மதிப்புக் கூட. இதே கணக்கில்தான் பூனையும் வண்ணாத்திப்பூச்சியும் சேர்ந்த படத்தை வயது போனவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த இரண்டின் பெயரும் எழுபது, எண்பது, தொண்ணூறு வயதைக் குறிக்கும் சொற்களோடு ஒலியில் கிட்ட வரும்.

மனிசியிடம் இதைச் சொல்லிப் பாருங்கோ. கேட்காவிட்டால் தட்டைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வையுங்கோ.

கையில் ஒரு சீன எழுத்துப் பச்சை குத்த விருப்பம். தும்பி என்றால் வெற்றி என்று இணையத்தில் பார்த்தேன். சரியா அன்ரி?
— 22 வயது வாசகர், வவுனியா

ஜப்பானில் குத்தினால் சரி, தம்பி. அங்கே தும்பிக்கு 'கச்சிமுஷி', வெற்றிப் பூச்சி என்று ஒரு பெயர். முன்னால் பறக்கும், பின்வாங்காது என்று சாமுராய்கள் தலைக்கவசத்திலும் அம்பறாத்தூணியிலும் தும்பியை வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்டுக்கே 'அகிட்சுஷிமா' என்று ஒரு பழம் பெயர் உண்டு, தும்பித் தீவு. அரசன் ஒருவனின் கையைக் கடித்த மாட்டு ஈயைத் தும்பி வந்து கவ்விக்கொண்டு போனது என்று அதற்கொரு பழங்கதையும் சொல்வார்கள்.

அதே தும்பி சீனத்துக்குப் போனால் கதை வேறு. 'தும்பி தண்ணியைத் தொட்ட மாதிரி' என்றால் அரைகுறை வேலை. ஒன்றைத் தொட்டு, அதை விட்டு மற்றதைத் தொட்டு, எதையும் உருப்படியாகச் செய்யாமல் போவது. பாவம் தும்பி! குளத்தில் அது வாலால் தட்டித் தட்டிப் போவது முட்டை இடத்தான். முத்தையன்கட்டுக் குளத்தின் வாய்க்காலில் காலையில் நின்று பார்த்தால் தெரியும். அது செய்வதுபோல ஒரு முழு வேலை இல்லை.

எழுத்து வேண்டாம், தும்பியின் படத்தைக் குத்தும். வாசிக்கத் தெரிந்தவன் எவனும் பிழை சொல்ல மாட்டான்.

இந்தக் காலபோகத்தில் நெல்லில் சாறு குடிக்கிற தத்தி விழுந்து என்ர இரண்டு ஏக்கர் போச்சு. ஜப்பானிலும் நெல்தானே போடுகிறார்கள். அங்கே தத்திக்கு என்ன பேர்? என்ன செய்கிறார்கள்?
— கமக்காரர், முத்தையன்கட்டு

அண்ணை, உங்களுக்கு வந்தது என் வயலுக்கும் வந்தது. வட்டம் வட்டமாக எரிந்த மாதிரி, நடுவில் கிடக்கிற பயிரைப் பிடித்துத் தட்டினால் அடித்தண்டில் இருந்து கபிலத் தூள் பறக்கிற மாதிரி.

அந்தத் தூள்தான் அங்கே பெயரே. 'உன்கா' என்று வாசிப்பார்கள், எழுதும்போது 'மிதக்கும் தூசு' என்று வரும் எழுத்துகளைப் போடுவார்கள். அது சரியாகத்தான் இருக்கிறது. எங்களுடைய கபிலநிறத் தத்தியேதான் அங்கே போவதும். ஜப்பானின் குளிரில் அது மாரி கடத்தாது. ஒவ்வோராண்டும் ஆனி, ஆடி மழைக்காற்றில் தெற்குச் சீனப் பக்கத்தில் இருந்து கடல் தாண்டி வந்து விழுகிறது. 1967இல் நடுக்கடலில் நின்ற ஒரு ஜப்பானிய வானிலைக் கப்பலில் தத்தி கூட்டம் கூட்டமாக வந்து விழுந்த பிறகுதான் இது வெளித்தது. அதுவரை எங்கே ஒளித்திருந்து வருகிறது என்று வரம்பு வரம்பாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1732இல் இந்தத் தத்தி மேற்கு ஜப்பானை ஒரேயடியாகத் தின்றது. நான் இருந்த புக்குவோக்காப் பக்கம் மிக மோசம். பட்டினியில் செத்தவர்களுக்கென்று நகரத்துக்குள் ஒரு சிறு ஜிசோ கோயில் இப்பவும் இருக்கிறது. ஜிசோ என்றால் தெருவோரத்தில் நிற்கும் காவல் தெய்வம், குழந்தை முகத்தோடு இருக்கும். கடைகளுக்கு நடுவில் பூவும் தண்ணியும் வைத்திருந்தார்கள். பூச்சியால் செத்த சனத்துக்குக் கோயில் கண்டது அங்கேதான்.

இன்னொரு பெயரும் உண்டு: 'சனெமோரிப் பூச்சி'. சனெமோரி என்றவர் ஒரு முதிய வீரர். நரை தெரிந்தால் இளைஞர்கள் கிழவன் என்று இரங்குவார்கள் என்று தலைமயிருக்குக் கறுப்புப் பூசிக்கொண்டு 1183இல் சண்டைக்குப் போனவர். அவருடைய குதிரையின் கால் நெல் அடிக்கட்டையில் தடக்கியது, விழுந்தார், தலையை வெட்டிவிட்டார்கள் என்று ஊர்க்கதை. நெல்லில் தடக்கிச் செத்தவர் நெல்லின் மேல் வஞ்சம் வைத்துப் பூச்சியாகப் பிறந்து வருகிறார் என்று கமக்காரர் நம்பினார்கள். அதனால் அவரைத் திட்டி விரட்டவில்லை, மரியாதையாக வழியனுப்பினார்கள். குதிரையில் இருக்கும் வைக்கோல் பொம்மை ஒன்றைச் செய்து, இரவில் பந்தம் பிடித்து, மேளமும் மணியும் அடித்து, வரம்பு நெடுக ஊர்வலம் போய் ஊர் எல்லையில் விட்டு வருவார்கள். 'முஷி ஒகுரி', பூச்சியை அனுப்பி வைத்தல். சில ஊர்களில் இன்னமும் நடக்கிறது. பந்தத்தின் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் விழுந்திருக்கும், மற்றது நம்பிக்கை. எங்களுடைய அப்பு வயலுக்குக் கோயில் தீர்த்தம் தெளித்ததும் இதே கணக்குத்தான்.

வேலை செய்த வைத்தியம் வேறு. வயல் தண்ணியில் திமிங்கில எண்ணெயைச் சொட்டு விட்டுப் படர விடுவார்கள், பிறகு பயிரைத் தடியால் தட்டுவார்கள். தத்தி தண்ணியில் விழும், எண்ணெய் பட்டு மூச்சடைத்துச் சாகும். எங்களுக்குத் திமிங்கிலம் இல்லை. யூரியாவை அள்ளிக் கொட்டாமல், நெருக்கி விதைக்காமல், கண்ட கண்ட மருந்தை முதலே அடித்துத் தத்தியைத் தின்கிற சிலந்தியைக் கொல்லாமல் இருந்தால் பாதி தத்தி குறையும். போன போகம் நீங்கள் எத்தனை அந்தர் யூரியா போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மகன் இரவில் பல்லை நறுநறு என்று கடிக்கிறான், சும்மா சும்மா அழுகிறான். மாமி பூச்சி என்கிறா. ஜப்பானில் இப்படிச் சொல்வார்களா?
— இளம் தாய், மல்லாவி

முதலில் பிள்ளை. பல் கடிப்பது பூச்சியால்தான் என்று இல்லை. பூச்சிக் குளிசை எப்போது கொடுத்தது என்று கிளினிக் கொப்பியில் பாருங்கோ, குடும்பநல மாதுவிடம் காட்டுங்கோ. மாமியோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஜப்பான் முழுக்க மாமியின் பக்கம்.

அங்கே காரணமில்லாமல் வீரிட்டு அழுகிற பிள்ளைக்குக் 'கான் முஷி' பிடித்திருக்கிறது என்பார்கள். அதை அடக்கப் பூசை செய்யும் கோயில்கள் இருக்கின்றன. வளர்ந்தவர்களுக்கும் விமோசனம் இல்லை, எல்லாருடைய வயிற்றிலும் ஒரு பூச்சி குடியிருக்கிறது. பசியில் வயிறு கத்தினால் வயிற்றுப் பூச்சி அழுகிறது. கோபம் ஆறவில்லை என்றால் வயிற்றுப் பூச்சி அடங்கவில்லை. ஒருத்தனைக் கண்டாலே பிடிக்கவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால் 'என் பூச்சிக்கு அவனைப் பிடிக்கவில்லை'. தூரத்தில் இருக்கும் உறவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று மனம் சொன்னால் 'பூச்சி அறிவித்தது'. கடைசி மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பவருக்குப் 'பூச்சி மூச்சு'. எனக்கு இதில் ஒரு வசதி தெரிகிறது. நான் அவரோடு கோபமில்லை, என் பூச்சிதான் கோபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இதை வெறும் பேச்சு என்று விட முடியாது, வைத்தியர்களும் நம்பினார்கள். 1568இல் எழுதிய ஊசி வைத்தியக் கையேடு ஒன்று கியூஷூ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2005இல் நான் அங்கிருக்கும்போதுதான் அந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கையேட்டில் 63 பூச்சிகளின் படம், நிறம் தீட்டி. ஒவ்வொன்றும் உடம்பில் எங்கே இருக்கும், என்ன வருத்தம் தரும், எதனால் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. ஒன்று அச்சாக் குதிரை போலவே இருந்தது. விலங்கியல் ரீச்சர் நான், கால்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

இதற்கு வேர் சீனத்துத் தாவோ சமயம். பிறக்கும்போதே உடம்பில் மூன்று பூச்சி இருக்கிறது. அறுபது நாளுக்கு ஒருமுறை வரும் ஓர் இரவில், ஆள் நித்திரையானதும் அவை வெளியே போய், இவன் என்னென்ன பாவம் செய்தான் என்று மேலே அறிக்கை கொடுக்கும். அதற்கேற்ப ஆயுள் குறையும். அறிக்கையை நிறுத்த வழி ஒன்றுதான்: நித்திரை கொள்ளாமல் இருப்பது. ஜப்பானில் இது கோஷின் இரவு என்று ஊர்த் திருவிழாவாகி, சனம் கூடி, தின்று குடித்து, கதைத்து விடிய வைத்தது. பாவத்தைக் குறைப்பதை விடச் சாட்சியைத் தடுப்பது எளிது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்! அந்தக் கோஷின் கற்களில் செதுக்கியிருப்பதுதான் பார்க்காத, கேட்காத, பேசாத மூன்று குரங்கு. நாங்கள் அதைக் காந்தியின் குரங்கு என்று பள்ளிக்கூடச் சுவரில் கீறி வைத்திருக்கிறோம்.

சீனத்தில் இன்றைக்கு வயிற்றுப் பூச்சிக்கு வேறு வேலை. நீங்கள் வாய் திறக்க முன்னமே நினைத்ததைச் சொல்லிவிடுகிற சினேகிதியை 'என் வயிற்றில் இருக்கும் வட்டப்புழு' என்பார்கள். பாராட்டுத்தான். இங்கே ஒருவரிடமும் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளைத் திட்ட அங்கே என்ன பூச்சி வைத்திருக்கிறார்கள்?
— தந்தை, மாங்குளம்

தாராளமாக. ஜப்பானில் அழுகிறவன் அழுகைப் பூச்சி, பயந்தவன் பலவீனப் பூச்சி, புத்தகமும் கையுமாக இருப்பவன் புத்தகப் பூச்சி. புள்ளிக்காக மட்டும் படிக்கிறவனுக்குத் தனியாகப் 'புள்ளி பொறுக்கும் பூச்சி' என்று வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை எங்கள் ரியூஷன் கொட்டில்களில் எழுதித் தொங்கவிட வேண்டும். சீனத்தில் சோம்பேறிப் பூச்சி, தலையாட்டிக்கு எதிரொலிப் பூச்சி, வேலைக்குப் போகாமல் வீட்டில் தின்றுகொண்டிருப்பவனுக்கு அரிசிப் பூச்சி. தாயின் பின்னால் ஒட்டிக்கொண்டே திரிகிற சின்னனுக்கு ஒரு பெயர் உண்டு, அதைத் தமிழில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

திட்ட மட்டும் இல்லை. படிக்கத் தூண்டவும் பூச்சிதான். சே யின் என்ற ஏழைப் பையன் விளக்கெண்ணெய்க்கு வழியில்லாமல் மின்மினியைத் துணிப்பையில் பிடித்துப் போட்டு அந்த வெளிச்சத்தில் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போனான் என்று இரண்டு நாட்டிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். காங்ஷி பேரரசர் (ஆட்சி 1661–1722) சும்மா நம்பவில்லை. சில நூறு மின்மினியைப் பெரிய பையில் போட்டுப் புத்தகத்துக்கு மேல் பிடித்துப் பார்த்தார், எழுத்துத் தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். பேரரசர் என் வகுப்பில் இருந்திருந்தால் செய்முறைக்கு முழுப்புள்ளி. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் பிள்ளைகளின் கதையை ஒருவரும் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. மூக்குக்குள் இருந்த கரி நான் கண்டது.

விளங்க நேரம் எடுக்கிறவனுக்கு ஜப்பானில் 'கெய்கோதோ' என்று ஒரு பட்டம் உண்டு. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் 'மின்மினி ஒளி விளக்கு'. பொருள்: ரியூப் லைற்! இரண்டு ஊரிலும் பழைய ரியூப் லைற் கண்ணடித்துக் கண்ணடித்துத்தான் எரிந்திருக்கிறது.

பொன்வண்டு அங்கே உண்டா?
— தரம் 8 மாணவன், கிளிநொச்சி

உண்டு ராசா. 'தமாமுஷி', மணிப் பூச்சி. எங்களுடையதைவிட ஒல்லி, பச்சையில் செம்பு நிறக் கோடு நீளத்துக்கு ஓடும். நீர் நெருப்புப்பெட்டியில் வேலம் இலை போட்டு வைத்திருக்கிறீரா? இருந்தால் வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பும். பச்சை நீலமாகும், நீலம் பொன்னாகும். அந்த நிறத்துக்குச் சாயம் இல்லை. செட்டையின் மேல் படைபடையாக இருக்கும் மெல்லிய தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற விதம்தான் நிறம். அதனால் வண்டு செத்தாலும் மங்காது. நாரா பக்கத்தில் ஹோரியூஜி என்ற பழைய விகாரையில், ஏழாம் நூற்றாண்டில் செய்த ஒரு சிறு மரக் கோயில் இருக்கிறது. அதன் ஓரமெல்லாம் தமாமுஷிச் செட்டையைப் பதித்து, மேலே துளையிட்ட செம்புத் தகடு வைத்து அடித்திருக்கிறார்கள். அநேகம் உதிர்ந்துவிட்டது.

பார்த்து முடிந்ததும் திறந்து விடும். முட்டை இட்டிருந்தால் அதையும் மண்ணில் கொட்டும்.

மிச்சம் உம்முடைய அப்பாவுக்கு. ஜப்பானில் அரசியல்வாதி ஒருவர் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அந்தந்தப் பக்கத்துக்குச் சாதகமாகத் தெரியும்படி அறிக்கை விட்டால் 'தமாமுஷி நிறம்' என்று பத்திரிகைகள் எழுதும். "காணிகள் கட்டம் கட்டமாக, உரிய தரப்புகளோடு கலந்து, விரைவில்" என்று மேடையில் கேட்கும்போது எனக்கு நெருப்புப்பெட்டி ஞாபகம் வருகிறது.

நுளம்புக்கு அங்கே பழமொழி உண்டா?
— வாசகி, துணுக்காய்

'நுளம்பு வலைக்கு வெளியே' என்று ஜப்பானில் சொல்வார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் அவர் வலைக்கு வெளியே. மணவறை போட்ட பிறகு கலியாணம் கேள்விப்பட்ட சித்தப்பாக்களுக்கு நல்ல சொல்.

ஒரே எழுத்து என்றால் சீனர் எழுதியது ஜப்பான்காரருக்கு விளங்குமா?
— ஏ.எல். மாணவர், முருகண்டி

பாதி விளங்கும், பாதி வில்லங்கம். சீனத்தில் நீளக் கால் சிலந்தியின் பெயரில் வரும் ஓர் எழுத்து ஜப்பானில் கணவாயின் சொந்தக்காரன், எட்டுக்கால் சாக்குக்கணவாய். இரண்டுக்கும் கால் எட்டு, அவ்வளவுதான் உறவு. வெட்டுக்கிளிக்கு இடப்பக்கம் பூச்சி, வலப்பக்கம் 'பேரரசர்'. சீனத்தில் அது படையாக வந்து நாட்டை மொட்டையடிக்கும் வெட்டுக்கிளி. 628இல் தாங் வம்சத்துத் தாய்சோங் பேரரசர், 'சனத்தின் தானியத்தைத் தின்பதற்குப் பதில் என் குடலைத் தின்' என்ற கருத்தில் சொல்லி வெட்டுக்கிளியைப் பிடித்து விழுங்கினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் அதே எழுத்துக்கு 'இனாகோ', வயலில் துள்ளும் சின்ன வெட்டுக்கிளி. அதைச் சோயா சோசிலும் சீனியிலும் வற்றக் காய்ச்சிச் சோற்றோடு தின்பார்கள். நானும் தின்றேன். காலைக் கழற்றினால் நெத்தலிக் கருவாட்டுக்குக் கிட்ட.

கரப்பொத்தானுக்கு ஜப்பானில் 'கோகிபுரி'. உண்மையில் அது 'கோகிகபுரி', கோப்பை கடிப்பவன். 1884இல் அச்சான ஓர் உயிரியல் சொற்தொகுதியில் நடுவில் ஓர் எழுத்து விழுந்துபோய், பிழை அப்படியே நாட்டுக்குப் பெயராகிவிட்டது. இந்தச் சஞ்சிகையில் ஒப்புநோக்குகிறவர் கவனிக்க.

எறும்பு முட்டை கொண்டு திட்டி ஏறினால் மழை என்கிறோம். சீனத்தில்?
— கமக்கார அமைப்புச் செயலாளர், வவுனிக்குளம்

அதே கதைதான், எறும்பு வீடு மாறினால் மழை. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொரு எறும்பு. 'ஆயிரம் காவதக் கரையும் எறும்பு வளையால் உடையும்' என்று சீனத்தில் ஒரு பழமொழி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்ற அறிஞர் சொன்னதில் இருந்து வந்தது. பெரிய பிழை சின்னப் பிழையில் தொடங்கும் என்று அரசனுக்குப் புத்தி சொல்லத்தான் சொன்னார். ஆனால் தெற்குச் சீனத்தில் நீர்ப்பாசனக்காரர் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே கரையைத் தின்பது 'வெள்ளை எறும்பு', அதாவது எங்களுடைய கறையான். மேலே ஒன்றும் தெரியாது. கட்டுக்குள்ளே அறை அறையாகக் குடைந்து, வழி வழியாகத் தோண்டி வைத்திருக்கும். குளம் நிரம்பி நீர்மட்டம் அந்த வழிக்கு வந்ததும் தண்ணி உள்ளே புகுந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு மறுபக்கம் வரும்.

2018 மார்கழி வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. ஆவணி, புரட்டாதியில் குளக்கட்டில் பற்றை வெட்டும்போது புற்று நிற்கிற இடங்களுக்குத் தடி நட்டு அடையாளம் வையுங்கோ. மேலே தெரிகிற புற்றை மட்டும் மண்வெட்டியால் கொத்திவிட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், அறை கீழே இருக்கும். சின்னக் குளம் என்றால் கமநல சேவை நிலையத்துக்கும், பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் எழுத்தில் கொடுத்து, கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கோ.